படகுக்காரர் சேதி

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
13-10-68

அன்புள்ள ரேணுவுக்கு மாமன் எழுதிக்கினது.

இங்கு நான் நலம்னு எழுதணும், அதான் வழக்கம். நான் நலமா இல்ல. அரை மணி பஸ்ஸு தூரத்துல இருக்கிற பொண்டாட்டிக்குத் தபால் எழுதுற ஆளு இந்தப் பிள்ளையார்பாளையத்துல நான் ஒருத்தன்தான். தபால்காரரே சிரிக்கிறாரு.

வாலாஜாபாத்துக்கு ரெண்டு வாட்டி வந்து பார்த்துட்டேன். உங்கப்பா காரியத்தன்னைக்கு நீ மூஞ்சி குடுத்துப் பேசல. அடுத்த வாட்டி வந்தப்போ உள்ளயே உட்கார்ந்துக்கினே. அத்தைதான் மோர் குடுத்து அனுப்பிச்சாங்க. மோர் குடிக்கவா நான் பஸ் ஏறி வந்தேன்?

தீபாவளி வந்துடுச்சி, தறி சும்மா கெடக்குது. கரையைத் தனியா கோக்குற கோர்வைச் சேலைக்கு ரெண்டு ஆளு வேணும், உனக்குத் தெரியாததா? நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து நாடா வுட்டா, வலப்பக்கம் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கிப் போட நீ வேணும். கல்யாணம் ஆன நாளா அந்த எடத்துல உன் கை தவிர வேற கை பட்டது இல்ல. முதலாளி நேத்தும் ஆள் அனுப்பிச்சாரு. நான் என்னன்னு பதில் சொல்றது?

நடந்தது நடந்து போச்சும்மா. ஊர்ல எவனும் செய்யாததையா நான் செஞ்சுட்டேன்? சாவுச் சேதி காதுல வுழுந்தாத்தான் தீட்டு. வுழாத வரைக்கும் தீட்டு இல்ல, பட்டு நூலைத் தொடலாம். பெரியவங்களே அப்படித்தான் சொல்லி வெச்சிருக்காங்க. அந்த முகூர்த்தச் சேலைக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருந்துது. வேற யாரா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பான்.

சரி வுடு. உனக்கு ஒரு சேதி வெச்சிருக்கேன். பாய்மரப் படகுல தன்னந்தனியா உலகத்தைச் சுத்துற பந்தயத்துல நம்ம கார்லண்ட் இன்னும் இருக்காரு! சிட்டிபாபு படிப்பகத்துல இங்கிலீஷ் பேப்பரைப் பார்த்து சொன்னான். கிளம்பின ஆளுங்கள்ல பாதிப் பேரு வயித்து வலி, பாய் கிழிஞ்சுதுன்னு சொல்லித் திரும்பிட்டானுங்களாம். கடியாரம் ரிப்பேர் பண்றவனாச்சே, இவன் எங்க தேறப் போறான்னு எல்லாரும் சிரிச்ச நம்ம ஆளு ஆப்பிரிக்காவாண்ட போயிக்கினு இருக்காரு. தறி மேல செவுத்துல ஒட்டின உலகப் படத்துல நீ கடைசியா வெச்ச குங்குமப் பொட்டு அப்படியே இருக்குது. அடுத்த பொட்டு வைக்க நீ வந்துடு.

உன் மாமன்
பரசுராமன்


வாலாஜாபாத்
22-10-68

திரு. பரசுராமன் அவர்களுக்கு,

பேர் சொல்லி எழுதுறாளேன்னு கோவம் வரும். வரட்டும்.

நடந்தது நடந்து போச்சுன்னு ஒரு வரியில முடிச்சுட்டீங்க. என்ன நடந்ததுன்னு நான் எழுதுறேன், படிங்க. அன்னைக்குக் காலையில கலியன் பஸ் ஏறி காஞ்சிபுரம் வந்தார். எங்க தெருவுல எந்த வீட்டுல சாவு விழுந்தாலும் சொந்தக்காரங்களுக்குப் போய்ச் சொல்றவர் அவர்தான். நீங்க அவரைத் தெருமுனையிலயே நிறுத்தி, டீ வாங்கிக் குடுத்து, நான் சொல்லிக்கிறேன், நீ போன்னு திருப்பி அனுப்பிச்சீங்க. உள்ள வந்து தறிக்குழியில எறங்கி உட்கார்ந்தீங்க. ஒண்ணுமே நடக்காத மாதிரி கார்லண்ட் கதையைச் சொன்னீங்க. அவர் படகுல தனியா உட்கார்ந்து ஊறுகாய் பாட்டிலைத் திறக்க முடியாம திட்டியிருப்பாருன்னு நீங்க நடிச்சுக் காட்ட, நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். எங்கப்பா இங்க கூடத்துல கெடக்குறார். நான் அங்க சிரிச்சுக்கினு நாடா வாங்கிப் போட்டுக்கினு இருக்கேன்.

சேலையை அறுத்து மடிச்சு வெச்சப்புறம்தான், உங்கப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம் கிளம்புன்னீங்க. நான் வந்து எறங்கினப்போ ஆம்பளைங்க எல்லாம் சுடுகாட்டுல இருந்து திரும்பி ஈரத்துணியோட நடந்து வந்துக்கினு இருந்தாங்க. கலியன் என்னைப் பார்த்துட்டு, காலையிலயே வந்து சொல்லிட்டனே மா, ஏம்மா இவ்ளோ நேரம்னு கேட்டார். ஊரே அதைத்தான் கேட்டுது. பெத்த அப்பன் மூஞ்சியைப் பார்க்க வராம பட்டு நெய்துக்கினு இருந்தவள்னு என்னைப் பேசுறாங்க.

காதுல விழாத வரைக்கும் தீட்டு இல்லைன்னு எழுதியிருக்கீங்க. சரி, தீட்டு இல்ல. அப்பன் இருந்தாரா?

தறி சேதியும் முதலாளி சேதியும் எனக்கு இனிமே எழுத வேணாம். இந்த வீட்டுக்குப் பேப்பர் வர்றது இல்ல. டீக்கடையில போய் பொம்பள நின்னு படிக்கவும் முடியாது. எழுதணும்னு தோணினா கார்லண்ட் சேதி மட்டும் எழுதுங்க. அந்த மனுசன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல.

ரேணுகாம்பாள்


பிள்ளையார்பாளையம்
17-11-68

ரேணுவுக்கு,

ஆகட்டும். தறியைப் பத்தி எழுதல. சபாபதின்னு ஒருத்தனைக் கோர்வைக்கு வெச்சிருக்கேன், அவன் போடுற கரை எங்க வேணா போவுதுன்னும் எழுதல. பேசிக்கினே இருக்கான் படுபாவி. நேத்து அவன் மாமியார் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைவலி. அதையும் எழுதல.

கார்லண்ட் சேதி. ஆப்பிரிக்காவோட அடிமுனையைத் தாண்டிட்டாரு. மீன் பிடிக்கிறவங்க பார்த்திருக்காங்க. ரேடியோ கெட்டுப் போச்சாம். குடிக்கிற தண்ணியில உப்பு கலந்துடுச்சாம், மழைத் தண்ணியைப் பாயில புடிச்சிக் குடிக்கிறாராம். எறங்கிடுறியான்னு கேட்டதுக்கு மாட்டேன்னு தலையாட்டிட்டுப் போயிட்டாராம். ஒரு ஊர்லயும் எறங்கக் கூடாது, யார் கையிலயும் ஒரு வாய் தண்ணி வாங்கக் கூடாது, அதான பந்தயம். பெரிய அழுத்தக்காரன்தான். நம்ம வூட்டுலயும் ஒரு ஆளு அப்படி இருக்குது.

இனிமேதான் பயம்னு சிட்டிபாபு சொல்றான். அந்தத் தென்கடல்ல காத்து நிக்காம அடிச்சிக்கினே இருக்குமாம். அலை நம்ம கோயில் கோபுரத்துல பாதி ஒசரமாம். தூங்கவும் முடியாது, தூங்காம இருக்கவும் முடியாது. பக்கத்துல ஒரு ஆளு இருந்தா இவன் கொஞ்ச நேரம், அவன் கொஞ்ச நேரம்னு மாத்திக்கலாம். தனியா என்ன பண்ணுவாரு?

பொட்டு நானே வெச்சேன். அவசரமா வெச்சதுல ஈஷிக்கிச்சி. இந்துமகா சமுத்திரத்துல பாதி செவப்பா கெடக்குது. நீ பார்த்தா அடிப்பே.

சாப்பாட்டுக்கு ஓட்டல்தான். நல்லா இருக்கியான்னு நீ கேக்கல, நானே சொல்லிக்கிறேன்.

பரசுராமன்


வாலாஜாபாத்
16-12-68

மாமாவுக்கு,

உங்ககிட்ட மறைக்க வேணாம்னு எழுதுறேன். நேத்து கார்த்திகை கடைசி ஞாயிறு, நான் காஞ்சிபுரம் வந்திருந்தேன். கச்சபேஸ்வரர் கோயில்ல மண்டை விளக்கு எடுத்தேன். புதுச்சட்டி வாங்கி, மாவிளக்கு வெச்சு, நெய் ஊத்தி ஏத்தி, தலையில வெச்சுக்கினு மூணு சுத்து சுத்தினேன். கூட்டம் சொல்ல முடியாது. முன்னாடி போனவங்க விளக்குல இருந்து நெய் வழிஞ்சு தரையெல்லாம் வழுக்குது.

தலைவலிக்கும் காது சீக்குக்கும்தான் எல்லாரும் வேண்டிக்குவாங்க. எங்கம்மா உனக்கென்னடி தலைவலின்னு கேட்டாங்க. எனக்கில்ல, கடல்ல போறவருக்குன்னேன். தலை சுத்தாம இருக்கணும், தெளிவா இருக்கணும், அதுக்குன்னேன். வெள்ளைக்காரனுக்கு விளக்கு எடுக்குற ஒரே பைத்தியம் நீதான்னு திட்டினாங்க. பஸ்ஸுல கூட வந்த கலியன்தான், எடுக்கட்டும் மா, அந்தாளும் ஒரு அம்மா பெத்த புள்ளதானேன்னார். அவரும் வாரத்துக்கு ஒரு வாட்டி வந்து, இன்னா மா, நம்ம ஆளு எங்க போயிக்கினு இருக்காருன்னு கேக்குறார். உங்க கார்டைத்தான் படிச்சுக் காட்டுவேன்.

நம்ம வீட்டுக்கு வரல. ரெண்டு தெரு தள்ளி வந்துட்டு வராம போனேன்னு நாளைக்கு யாராவது சொல்லுவாங்க, அதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன். கால் வந்துது. மனசு வரல.

அவர் தூங்குறாரா? சேதி ஏதாவது உண்டா?

ரேணு


பிள்ளையார்பாளையம்
24-12-68

ரேணு,

நீ எழுதுறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். நான் பார்த்தேன்.

செருப்பு வுடுற எடத்துல நின்னுக்கினு இருந்தேன். நான் வந்தது சாமி கும்புட இல்ல, சும்மா. வூட்டுல உட்கார முடியல, ஞாயித்துக்கெழமை வேற. நீ ஒரு கையால சட்டியைப் புடிச்சிக்கினு, ஒரு கையால பொடவையைத் தூக்கிக்கினு போனே. எளைச்சிட்டே. கூப்புடலாம்னு வாய் வரைக்கும் வந்துடுச்சி. கூப்பிட்டு நீ திரும்பிப் பார்த்து சட்டி கீழ வுழுந்துட்டா என்ன பண்றதுன்னு நின்னுட்டேன். அப்புறம் கூட்டத்துல காணோம். வூட்டுக்கு வந்து அழுதேன், சத்தியமா. இதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாத.

உன் வேண்டுதல் வீண் போவல. கார்லண்டை ஆஸ்திரேலியாவுக்குக் கீழ ஒரு சரக்குக் கப்பல் பார்த்திருக்குது. தாடி நெஞ்சு வரைக்கும் தொங்குதாம். கப்பல்ல இருந்தவங்க விசில் அடிச்சப்போ தொப்பியைக் கழட்டி ஆட்டினாராம். இதுக்கப்புறம் பெரிய சமுத்திரம், அதுல கப்பலே அவ்வளவா போவாதாம். மாசக்கணக்குல சேதி வராதுன்னு சிட்டிபாபு சொல்றான். வரலன்னா பயப்படாத. அங்க பொட்டு வைக்க எடம் நெறைய இருக்குது, தண்ணிதான் பூரா.

நான் செஞ்சது தப்புதான் ரேணு. தீட்டு, சாத்திரம்னு சொன்னதெல்லாம் வாய்ப் பேச்சு. சேலை முடியணும்னு நெனைச்சேன், அவ்ளோதான். நீ எப்ப வர்றே?

மாமன்


வாலாஜாபாத்
17-1-69

மாமாவுக்கு,

பொங்கல் முடிஞ்சுது. அப்பா இல்லாத முதல் பொங்கல், அம்மா பானையே வைக்கல. பக்கத்து வீட்டுல இருந்து கொண்டாந்து குடுத்தாங்க. உங்களுக்கு யார் குடுத்தாங்களோ.

உங்க கார்டை அம்மாவுக்குத் தெரியாம திரும்பத் திரும்பப் படிச்சேன். தப்புன்னு எழுதிட்டீங்க. அந்த ஒரு வார்த்தை உங்க வாய்ல இருந்து வராதுன்னு நெனைச்சிருந்தேன். மனசு கொஞ்சம் எறங்குது. ஆனா பயமும் இருக்குது, மறைச்சு என்ன செய்யிறது. உங்க பக்கத்துல உட்கார்ந்து நெய்யுறப்போ நீங்க பேசாம இருந்தா, இப்ப எதை மறைக்கிறாரோன்னு தோணும். சிரிச்சுப் பேசினா அதைவிட மோசம்.

யோசிச்சு ஒண்ணு முடிவு பண்ணியிருக்கேன். படத்துல தென்னமெரிக்கா வால் மாதிரி கீழ தொங்குதே, அந்த முனையைத் தாண்டிட்டா பாதிக் கெணறு தாண்டின மாதிரின்னு நீங்கதானே சொல்லுவீங்க? அவர் அதைத் தாண்டிட்டாருன்னு சேதி வரட்டும். நான் மூட்டையைக் கட்டிக்கினு வந்துடுறேன். சின்னப் புள்ளத்தனமா இருக்குதுன்னு சிரிக்காதீங்க. எனக்கும் ஏதாவது ஒரு நாள் வேணும் இல்ல, கிளம்புறதுக்கு.

உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நல்லதோ கெட்டதோ, சேதி வந்த அன்னைக்கே எனக்கு ஒரு கார்டு போட்டுடுங்க. ஒரு நாள் கூடத் தள்ளிப் போடாதீங்க. எனக்குத் தாங்காதுன்னு நீங்களா நெனைச்சுக்காதீங்க. அதை மட்டும் செஞ்சா போதும், பழசை நான் பேசவே மாட்டேன்.

ரேணு


பிள்ளையார்பாளையம்
20-2-69

என் அன்பு ரேணுவுக்கு,

உடனே எழுத முடியல, கோவிச்சுக்காத. அண்ணா போனதுல இருந்து இந்த ஊரு ஊரா இல்ல. எந்தத் தெருவுலயும் தறி சத்தம் இல்ல. ஆம்பளைங்க தெருவுல உட்கார்ந்து குழந்தைங்க மாதிரி அழுதாங்க. பாதி ஊரு மெட்ராஸுக்குக் கிளம்பிடுச்சி. படிப்பகத்துல கறுப்புக் கொடி கட்டி மூடிட்டாங்க. பேப்பர் பூரா அண்ணாதான், வேற ஒண்ணும் இல்ல. இப்பத்தான் ரெண்டு நாளா தொறந்து வெச்சிருக்காங்க.

சந்தோஷ சேதி! நீ கேட்ட சேதிதான். கார்லண்ட் அந்த முனையைத் தாண்டிட்டாரு! ஒரு பெரிய கப்பல் பார்த்துதாம். பாய் எல்லாம் ஒட்டுப் போட்டுத் தைச்சிருக்குதாம், ஆனா ஆளு திடமா இருக்காராம். கப்பல்காரங்க கிட்ட வந்து, வெங்காயம் வேணுமா, ரொட்டி வேணுமான்னு கேட்டாங்களாம். பந்தயம்பா, வாங்கக் கூடாதுன்னு சிரிச்சாராம். நான் நல்லா இருக்கேன்னு என் வூட்டுல சொல்லிடுங்கன்னு கத்தினாராம். எல்லாரும் கை தட்டினாங்களாம். உன் விளக்குதான் ரேணு, வேற என்ன.

பொட்டு வெச்சுட்டேன். இந்த வாட்டி ஈஷாம வெச்சேன்.

சொன்ன சொல்லைக் காப்பாத்து. எந்த பஸ்ஸுன்னு எழுது, ஸ்டாண்டுல வந்து நிக்கிறேன். வூடு கூட்டி வெச்சிருக்கேன்.

உன் மாமன்


வாலாஜாபாத்
23-2-69

மாமாவுக்கு,

கார்டு வந்துது.

ரெண்டு விஷயம் கேக்கணும். நீங்களே பேப்பரைப் பார்த்தீங்களா, இல்ல சிட்டிபாபு வாய்வார்த்தையா சொன்னாரா? அவர் தப்பா சொல்லி இருக்கலாம் இல்லையா? அப்படி இருந்தா பரவாயில்ல, எழுதிடுங்க.

இன்னொண்ணு, அவர் சம்சாரத்தைப் பத்தி ஏதாவது போட்டிருந்துதா?

நல்லா யோசிச்சுட்டு எழுதுங்க மாமா. அவசரம் இல்ல. நான் காத்துக்கினு இருக்கேன்.

ரேணு


பிள்ளையார்பாளையம்
27-2-69

ரேணு,

இன்னா இது, போலீஸ்காரன் மாதிரி கேள்வி கேக்குறே? சிட்டிபாபு சொன்னதும் நான் நம்பல, பேப்பரை வாங்கி என் கண்ணால பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் அரைகுறைதான், அதுக்காக கார்லண்ட்னு பேரு கூடவா தெரியாது? படமும் போட்டிருந்துது.

சம்சாரம் பத்திக் கேட்டே இல்ல, போட்டிருந்துது. ஜெயிக்கிறாரோ தோக்குறாரோ, எனக்கு அதெல்லாம் வேணாம், வூடு வந்து சேர்ந்தா போதும்னு அந்தம்மா சொல்லி இருக்காங்க. புருசன் பொண்டாட்டின்னா அப்படித்தான் இருக்கணும்.

உன் சந்தேகத்துக்கு ஒரு அளவு இல்லையாம்மா? நீ வர்றேன்னு நம்பி சபாபதியை நிறுத்திட்டேன். பங்குனி முகூர்த்தத்துக்குப் பாவு ஏத்தியாச்சு. அரக்கு உடம்பு, பச்சைக் கரை, உனக்குப் புடிச்ச கலருதான். முந்தானை ஒட்டுற எடத்துக்கு நீ இல்லாம ஆவாது. முதலாளி தேதி சொல்லிட்டாரு. இந்த வாரத்துக்குள்ள வந்துட்டா நல்லது. மத்தது நேர்ல பேசிக்கலாம்.

பரசுராமன்


வாலாஜாபாத்
4-3-69

மாமாவுக்கு,

இதுதான் நான் உங்களுக்கு எழுதுற கடைசிக் கடிதம். நிதானமாத்தான் எழுதுறேன். கோவத்துல எழுதுறேன்னு நெனைக்காதீங்க.

அண்ணா போன அடுத்த வாரமே எனக்குத் தெரியும். ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில பேப்பர் படிச்சாங்களாம், கலியன் கேட்டுக்கினு இருந்திருக்கார். டீயை அப்படியே வெச்சுட்டு எங்க தெருவுக்கு வந்தார். வழக்கமா சாவு சொல்ல வந்தா எப்படி நிப்பாரோ, அப்படியே துண்டை இடுப்புல கட்டிக்கினு வாசல்ல நின்னார். எங்கம்மா பயந்துட்டாங்க, எந்த வீட்டுலன்னு கேட்டாங்க. நம்ம படகுக்காரர் போயிட்டாரு மான்னார். படகு மட்டும் சமுத்திரத்துல தனியா போயிக்கினு இருந்துதாம், பாய் விரிச்சது விரிச்சபடி. ஆளைக் காணோமாம். சேதி வந்திருந்த பக்கத்தைக் கடைக்காரர்கிட்ட கேட்டு வாங்கி வந்திருந்தார். ஒரு மூலையில, கை அகலம் கூட இல்ல. முனைக்குப் போறதுக்கு ரொம்ப முன்னாடியே. எந்தக் கப்பலும் வெங்காயம் குடுக்கல.

சேதி என் காதுல விழுந்துது. கிணத்தடிக்குப் போய் தலைக்கு ஊத்திக்கினேன். அழுதேன். எங்கப்பாவுக்கு அழாததையும் சேர்த்து அழுதேன். கலியன் வாசல்லயே உட்கார்ந்து இருந்தார், நான் நிறுத்தற வரைக்கும் போவல.

அப்புறம் என்ன செஞ்சேன் தெரியுமா? என் துணியெல்லாம் மடிச்சு மூட்டை கட்டினேன். முனையைத் தாண்டினா வர்றேன்னு எழுதியிருந்தேன், மெய்தான். ஆனா இந்தச் சேதியை நீங்க எழுதினீங்கன்னா அன்னைக்கே பஸ் ஏறணும்னு இருந்தேன். அந்த மனுசனுக்காக உட்கார்ந்து அழ எனக்கு உங்களை விட்டா யாரு மாமா இருக்காங்க? எங்கம்மாவுக்கு அவர் யாருன்னு தெரியுமா? நாம ரெண்டு பேரும்தானே தறியில உட்கார்ந்து அவரைக் கூடக் கூட்டிக்கினு போனோம். நாம ரெண்டு பேரும் அந்தப் படத்துக்கு முன்னாடி உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதிருந்தா, எங்கப்பா விஷயம் கூட அதுல கரைஞ்சு போயிருக்கும்.

தபால்காரர் வர்ற நேரமெல்லாம் வாசல்ல நின்னேன். ஊரே துக்கத்துல இருக்குது, படிப்பகம் மூடியிருக்கும், இவருக்கே தெரியாதுன்னு என் மனசுக்கு நானே சமாதானம் சொன்னேன். அப்புறம் உங்க கார்டு வந்துது. சந்தோஷ சேதின்னு.

அப்பவும் நான் மூட்டையைப் பிரிக்கல. சிட்டிபாபு தப்பா சொல்லி இருக்கலாம், எழுதிடுங்கன்னு வழி விட்டேன். யோசிச்சு எழுதுங்கன்னு கேட்டேன். நீங்க அந்தம்மா பேசினதா ஒரு பேச்சை உண்டாக்கி எனக்கு அனுப்பிச்சீங்க. பேப்பர்ல அவங்களைப் பத்தி ஒரு வரி கூட இல்ல மாமா. அவங்ககிட்ட யார் போய்ச் சொன்னாங்களோ. உடனே சொல்லியிருப்பாங்கன்னு நெனைக்கிறேன்.

எனக்குத் தாங்காதுன்னு மறைச்சேன், நீ வரணும்னு ஆசையில மறைச்சேன்னு சொல்லுவீங்க. ஆசை இருக்குது, எனக்குத் தெரியும். கோயில்ல நின்னு பார்த்தது பொய்யில்ல, அழுததும் பொய்யில்ல. ஆனா என்னை வான்னு கூப்பிட்ட கடிதத்துலயே பாவு ஏத்தியாச்சுன்னும் எழுதியிருக்கீங்க. தறி நெனைப்பு உங்களை மீறி வருது. நாளைக்கு எங்கம்மாவுக்கு ஒண்ணுன்னாலும், தறியில என்ன இருக்குதுன்னு பார்த்துட்டுத்தான் என்கிட்ட வாயைத் திறப்பீங்க. நீங்க கெட்டவர்னு நான் சொல்லல. உங்க பக்கத்துல உட்கார்ந்து என்னால நெய்ய முடியாது.

சபாபதியைத் திரும்பக் கூப்பிடுங்க. வீட்டுல குழந்தை குட்டி இருக்குது அவருக்கு. ஐயம்பேட்டையில ஒரு தறிக்கு வலப்பக்கம் ஆள் வேணுமாம், வர்ற திங்கக்கிழமையில இருந்து நான் போறேன். புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வயசானவங்க, அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியல. கலியன்தான் பேசி வெச்சார்.

நீங்க இங்க வர வேணாம். வந்தா அம்மா மோர் குடுப்பாங்க, நான் இருக்க மாட்டேன். ஓட்டல்லயே சாப்பிடாதீங்க, உங்க வயித்துக்கு ஆவாது.

எனக்கு ஏதாவது ஆச்சுன்னா கலியன் வந்து உங்ககிட்ட சொல்லுவார். அதுக்கு அவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அன்னைக்கே வருவார், உங்க தறியில என்ன சேலை இருந்தாலும் சரி.

ரேணுகாம்பாள்